உப்புப் பார்க்காத பதினாறு நாட்கள்

ஜூலை 27, ஞாயிறு

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் இருந்தது. முதல் முட்டையை நூலால் அறுத்ததுமே பார்த்தேன். இரண்டாவதிலும் இருந்தது. பன்னிரண்டு முட்டையிலும் இருந்தது. தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடம்தான் வைக்க வேண்டும் என்று கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் செலின் மேடம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். இன்று இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் போன் வந்தது.

பேசியவர் பேரைச் சொல்லவில்லை. "பாப்பா, நிலக்கோட்டையில இருந்து பேசுறேன்" என்றார்.  பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அம்மா போயிருச்சு பாப்பா. நேத்து சாயங்காலம், ஆஸ்பத்திரியிலயே. மஞ்சக் காமால. இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். வர்றியா?" என்றார். நான் "ம்" என்றேன். அவர் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, வைத்துவிட்டார்.

இந்த கெஸ்ட் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை இந்த முட்டைதான் விசேஷம். பண்ணைக்காட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது வீடு. பின்னால் நான்கு பட்டர் ஃப்ரூட் மரம் இருக்கிறது, மேடத்துக்கு அது அவகாடோ. ஆடி மாதம் பழம் கொட்டும். அவித்த முட்டையைப் பாதியாக அறுத்து மஞ்சள் கருவை எடுத்து, பழுத்த பட்டர் ஃப்ரூட், எலுமிச்சைச் சாறு, கடுகு சாஸ், உப்பு, மிளகு போட்டுப் பிசைய வேண்டும். கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக நறுக்கிச் சேர்த்து, வெள்ளைக் குழிக்குள் திரும்ப நிரப்ப வேண்டும். மேடம் டெவில்டு எக்ஸ் என்பார். சின்னக்காளை மாமா பேய் முட்டை என்பார். மாமாதான் இங்கே சமையல். ஒட்டன்சத்திரத்தில் எங்கள் தெருக்காரர், அப்பாவின் கூட்டாளி. அவர்தான் என்னை இங்கே சேர்த்துவிட்டார்.

பச்சை வளையத்தை யாரும் பார்க்கவில்லை. பட்டர் ஃப்ரூட் சேர்த்துப் பிசைந்தால் எல்லாமே பச்சைதான்.

விரலில் ஒட்டியிருந்ததை நக்கப் போனேன். நக்கவில்லை. துணியில் துடைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பின்கட்டில் தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

அப்பா போன் செய்தார். மார்க்கெட்டில் இருந்து பேசினார். தக்காளிப் பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கும் அவன் சொன்னானா?"

"ம்."

"நமக்கு ஒண்ணும் கிடையாது. அவளுக்கு நாம அன்னைக்கே தலை முழுகியாச்சு. ஒருத்திக்கு ரெண்டு தடவயா சாவாங்க? தீட்டுகீட்டுன்னு எதையும் ஒதுக்காத. கறி, முட்டை எல்லாம் தின்னு. நீ ஒதுக்குனா அவ நம்ம ஆளுன்னு ஆயிரும். வெளங்குதா?"

"ம்."

"சின்னக்காளகிட்டயும் வாயத் தொறக்காத."

அன்றைக்கு என்று அப்பா சொல்வது நான்கு வருடத்துக்கு முன்னால். போனில் பேசியவரோடு அம்மா நிலக்கோட்டைக்குப் போன மூன்றாம் நாள். அப்பா என்னையும் அண்ணனையும் அடிபம்புக்குக் கூட்டிப்போய், செத்த வீட்டுக்குப் போய்வந்தால் ஊற்றுவது மாதிரி தலையில் தண்ணீர் ஊற்றினார். தெரு பார்த்தது. எனக்கு அப்போது ஜலதோஷம் இருந்தது. நான்கு நாள் காய்ச்சல் அடித்தது. எட்டாவது பரீட்சை அதோடு போனது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சோறாக்க ஆள் வேண்டும் என்று ஒன்பதாவதில் நின்றுவிட்டேன்.

காலையில் மாமா முட்டைக்குழம்பு ஊற்றினார். முட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டேன். முட்டை நாய்க்குப் போனது.

ஜூலை 29, செவ்வாய்

விருந்தாளிகள் இல்லை. பதினோரு போர்வை துவைத்தேன்.

ஜூலை 30, புதன்

மேடம் அடுக்களைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் புதிதாக ஏதோ வேலை வருகிறது என்று அர்த்தம்.

"சின்னக்காளை, பத்தாம் தேதி ஞாயிறு என் கூடப் படிச்சவங்க எல்லாரும் வர்றாங்க. இருபது பேரு. யாரும் சோறு தொட மாட்டாங்களாம், டயட்டாம். அவகாடோ எக்ஸ் அறுபது பீஸ் வேணும்."

"சோறு திங்காம எதுக்கு மேடம் இம்புட்டுத் தொலவு வர்றாங்க? மதுரையிலயே பட்டினி கிடக்கலாம்ல?"

"உன் வாயி இருக்கே!" என்று மேடம் சிரித்தார். "ஜோதிதான் செய்யணும். அவ கை நேர்த்தி உனக்கு வராது."

"எனக்கு எப்படி வரும்? பேய் முட்டைய அவதான் பேய் மாதிரி சத்தமில்லாம செய்யிறா."

மேடம் பார்க்க, மாதிரிக்கு நான்கு முட்டை செய்தேன். மேடம் தோட்டத்தில் இருந்து புதிதாக ஒரு தழை பறித்து வந்தார். சைவ்ஸ் என்றார். வெங்காயத் தாள் மாதிரி இருக்கிறது, ஆனால் நூல் மாதிரி மெல்லிசு. மாமா உப்புப் பார்க்கச் சொல்லி என் பக்கம் கரண்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்னடி, முந்தாநாளும் முட்டைய நாய்க்குப் போட்டுட்ட. நேத்து நெத்திலியத் தொடல." மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் அவர் குரல் மாறிவிட்டது. "ஏ தாயி, ஆடி மாசம்... ஆத்தாளுக்கு விரதம் பிடிக்கிறியா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டார், தலை ஆடியது.

"பாத்தீங்களா மேடம்? வாய்விட்டு ஒரு வார்த்த சொல்லல. சொல்லாம பிடிக்கிறதுதான் விரதம்" என்றார் மாமா. கரண்டியை அவரே வாயில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை" என்றார்.

ஜூலை 31, வியாழன்

மாமா எனக்குத் தனியாகச் சோறு வடித்தார். கவுச்சி படாத சட்டியில் பருப்பு வைத்தார். என்னைக் கழுதை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தாயி என்கிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாமாவின் மகள் கவுசல்யா அக்கா வத்தலக்குண்டில் இருக்கிறது. இரண்டு தடவை கலைந்து இது மூன்றாவது. பன்னிரண்டாம் தேதி பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மாமா எப்போதும் இதைப் பற்றிப் பேசமாட்டார். இன்று வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். இரண்டாவது தடவை ஆறு மாதமாம். கையில் வாங்கியது அவர்தானாம். ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்களாம்.

பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். "நான் கறிச்சட்டி கழுவுற கை. நீ சுத்தபத்தமா இருக்க. லைன் வீட்டு மாரியம்மன் பாதத்துல வச்சு, பிள்ளைக்கு நல்லபடியாப் பிறக்கணும்னு ஒரு வார்த்த வேண்டிக்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு போனேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட சின்னக் கோயில். ஆடி வெள்ளி என்பதால் பெண்கள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். கடைசிப் படியில் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

"வச்சியா?" என்று மாமா கேட்டார்.

"ம்."

வழியில் பழுத்து விழுந்த பட்டர் ஃப்ரூட் ஆறு கிடந்தது. பொறுக்கி வந்தேன். இரண்டில் புழு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினாறு பேய் முட்டை. காஷ்மீர் மிளகாய்த்தூள் மேலே தூவினேன்.

அவர் மறுபடியும் போன் செய்தார். இந்தத் தடவை முட்டை அடுப்பில் இல்லை.

"பாப்பா, அடுத்த ஞாயித்துக்கிழம பதினாறாம் நாள். நீ அன்னைக்கு வருவேன்னு பாத்தேன். பரவால்ல. இதுக்காவது வா. மத்தியானம்தான் சாமி கும்பிடுறோம். பூ மார்க்கெட்டுக்குப் பின்னால வந்து ஈஸ்வரி வீடுன்னு கேட்டாச் சொல்லுவாங்க." அப்புறம் அவர், "உங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் வரல. அதுக்கு யாரும் இல்லாத மாதிரி ஆயிருச்சு. சொந்தக்காரப் பொம்பளைக கேக்குறாங்க, பெத்த பிள்ளைக இருக்குன்னியே எங்கன்னு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார்.

குழந்தையிடம் போனைக் கொடுத்தார். தனுஸ்ரீ என்று பேர். மூன்று வயது. "அக்கா, எங்க வீட்டுல கோழி இருக்கு" என்றது.

"ம்" என்றேன்.

"வெள்ளக் கோழி."

போனைத் திரும்ப வாங்கியவர், "அம்மா போனப் பாத்தேன். கடைசியா உன் நம்பருக்குத்தான் போட்டிருக்கு" என்றார்.

அது எனக்குத் தெரியும். அம்மா போவதற்கு முந்தின புதன்கிழமை மூன்று தடவை, வியாழக்கிழமை இரண்டு தடவை, வெள்ளிக்கிழமை ஒரு தடவை. அந்த வாரம் எல்லா அறையிலும் ஆள் இருந்தார்கள். அடுக்களையில் வேலை அதிகம். எப்போது கூப்பிட்டாலும் அம்மா சாப்பிட்டியா என்றுதான் கேட்கும். நான் ம் என்பேன். அதற்கு எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று இருந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோயம்புத்தூரில் இருந்து வந்த குடும்பம் மறுபடியும் அந்த முட்டையைக் கேட்டது. மாமா சந்தைக்குப் போயிருந்தார். ருசி பார்க்க ஆள் இல்லை. கணக்கு எனக்குத் தெரியும். ஆறு முட்டைக்கு ஒரு பழம், அரை மூடி எலுமிச்சை, அரைக் கரண்டி உப்பு. போட்டேன். போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன்.

மேடம் தட்டோடு திரும்பி வந்தார். "ஜோதி, வாயில வைக்க முடியல. நீ டேஸ்ட் பாக்கலயா?"

நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் மாமா பையோடு உள்ளே வந்துவிட்டார். "விரதக்காரப் பிள்ள மேடம். முட்டைய எப்படி வாயில வைக்கும்? என் மேலதான் தப்பு, நான் இருந்திருக்கணும்."

"அது சரி. ஆனா ஞாயித்துக்கிழம அறுபது பீஸ். இப்படி ஆச்சுன்னா என் மானம் போயிரும். விரதத்த வேணா அதுக்குள்ள முடிச்சுக்கோயேன் ஜோதி?"

"ஆத்தாளுக்குப் பிடிக்கிறத நடுவுல விடச் சொல்லாதீங்க மேடம்" என்றார் மாமா. கும்பிடுகிற மாதிரி கையைக்கூட வைத்துக்கொண்டார்.

உப்புக் கூடிய பன்னிரண்டு துண்டையும் குப்பையில் கொட்டினேன். தழை எல்லாம் நல்ல தழை. அரை மணி நேரம் நறுக்கியது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. புதினாப் பாத்தியில் தண்ணீர் நின்றது. மண்வெட்டியால் வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தலை வாரும்போது சீப்பில் முடி நிறைய வந்தது. சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகினேன். மத்தியானம் பார்த்தபோது இல்லை. ஏதாவது குருவி எடுத்துப்போயிருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாமா பச்சரிசியைக் களைந்து பித்தளைப் பாத்திரத்தில் ஊற வைத்தார். வெல்லமும் ஏலக்காயும் தனியாக வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் லைன் வீட்டு சரசு அக்காவின் உரலையும் உலக்கையையும் தோளில் தூக்கி வந்து பின்கட்டில் வைத்தார்.

"நாளைக்கு நாலாவது ஆடி வெள்ளி. மாவிளக்கு போடணும் தாயி. விரதம் இருக்கிற கன்னிப்பிள்ள கையால இடிச்ச மாவுல விளக்கேத்தி அம்மன் முன்னால எடுத்துட்டுப் போனா வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. எங்காத்தா சொல்லும். மிக்ஸியில அடிக்கக் கூடாது. காலையில தலைக்கு ஊத்திட்டு இடிச்சிரு, என்ன?"

நான் ம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"கவுசிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஜோதி உனக்காக மாவிளக்கு போடுதுன்னு. அழுதுருச்சு கழுத" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆறு மணிக்கெல்லாம் மாமா குளித்து நெற்றி நிறைய விபூதி பூசி நின்றார். அரிசியைத் தண்ணீர் வடித்து வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தார். உலக்கைக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தார்.

"வா தாயி. இடி."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன?"

"நான் தொடக் கூடாது மாமா."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தூரமா? அட, அதுக்கென்ன தாயி. சொல்லியிருக்கலாம்ல. நீ போ, போ. நான் சரசுவ இடிக்கச் சொல்லிக்கிறேன்." கூச்சத்தில் துணியின் நுனியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

ம் என்று சொன்னால் போதும். அவ்வளவுதான். அந்த ம் வாயில் வந்து நின்றது. வெளியே பால்காரர் வண்டி வந்து போகிற வரைக்கும் நின்றது.

"அது இல்ல மாமா. எங்கம்மா செத்துப் போச்சு. இன்னைக்கு பதினாலாவது நாள்."

மாமா நிமிர்ந்தார். "ஈஸ்வரியா?"

அந்தப் பேரை எங்கள் தெருக்காரர் ஒருவர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது.

"எப்ப? எப்படி? உங்கப்பன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே? முந்தாநாள்கூடப் பேசுனானே."

"அப்பாவுக்குத் தீட்டு இல்லையாம். அன்னைக்கே முழுகியாச்சாம்."

"ஆமா, முழுகுனான். நானுந்தான் நின்னு பாத்தேன். அப்படின்னா உனக்கும் இல்லையே."

"எனக்கு இருக்கு" என்றேன்.

 அவர் துணியோடு அரிசியை வாரி எடுத்து, பிள்ளையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போனார்.

"அப்ப விரதமான்னு கேட்டப்ப எதுக்குடி தலைய ஆட்டுன?"

"தெரியல மாமா."

"தெரியலயா? செத்த தீட்ட வச்சுக்கிட்டு... ரெண்டு தடவ போன பிள்ளடி அது. உன் கையில எலுமிச்சம்பழம் குடுத்தேனேடி. அவ பேரச் சொல்லிக் குடுத்தேனே!"

"நான் கோயிலுக்குள்ள போகல. படியில வச்சேன். வேண்டிக்கவும் இல்ல."

"வேண்டிக்கவும் இல்லயா?" இதற்குத்தான் அவருக்கு அதிகக் கோபம் வந்தது போல இருந்தது. "ஏ, என் பிள்ளைக்கு ஒரு வார்த்த வேண்டிக்கக்கூட இல்லயா நீ?"

சரசு அக்கா வேறு அரிசி ஊற வைத்தது. மாவிளக்கு சாயங்காலம் போனது. மாமா என்னோடு பேசவில்லை. எனக்கு என்று வைத்திருந்த சட்டியில் எனக்கே பருப்பு வைத்து, மூடி, என் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய பழத்தை எண்ணினேன். ஐந்து வேண்டும். எட்டு இருக்கிறது. கல் மாதிரி இருக்கும் மூன்றை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அரிசிக்குள் இருந்தால் சீக்கிரம் பழுக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா.

"சின்னக்காள சொன்னான். நாளைக்குப் போறியாக்கும்?"

மாமாவிடம் நான் போவதைப் பற்றிச் சொல்லவில்லை. போவதா என்று நானே முடிவு செய்திருக்கவில்லை. அப்பா கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

"ஆமாப்பா."

"உங்கண்ணனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன். ஓடிப்போனவளுக்கு மக போய்ச் சடங்கு செஞ்சாளாம்லன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்? நாலு வருசமா நான் தலை நிமிந்து நடக்கிறதே அந்த ஒரு குடம் தண்ணியிலதான்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போனா அப்படியே போயிரு. நம்ம வாசப்படி மிதிக்காத. கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"உங்காத்தா மாதிரியே இருக்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மத்தியானம் மாமா அரிவாள்மனையில் உட்கார்ந்து கோழி அரிந்துகொண்டிருந்தார். நிமிராமல், "நான்தான் உங்கப்பன்கிட்டச் சொன்னேன். கூட்டாளிகிட்ட ஒளிச்சு வைக்க முடியாது" என்றார்.  வெள்ளிக்கு அப்புறம் அவர் பேசியது அதுதான்.

கவுசல்யா அக்காவுக்கு லேசாக வலி வந்து நின்றுவிட்டதாம். மேடம் சொன்னார்.

இங்கே பின்கட்டு அறை இருக்கிறது. மேடம் இருக்கச் சொல்லும்வரை அதில் இருக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் என் துணிகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பச்சைப் பாவாடை, இரண்டு தாவணி, ஸ்கூல் பை. வேறு ஒன்றும் முக்கியமாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முட்டை உரியவில்லை.

கூடப் படித்த தோழிகள் வருகிறார்கள் என்று மேடம் நேற்றே தோட்டத்து வீடுகளில் சொல்லி, அன்றன்று இட்ட நாட்டு முட்டையாக வாங்கி வைத்திருந்தார். புது முட்டை அவித்தால் ஓடு வெள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் ஆன முட்டைதான் வழுக்கிக்கொண்டு வரும். மேடத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவர் வாங்கியபோது நான் அங்கே இல்லை. ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். முப்பத்தாறு அவித்து, தண்ணீருக்குள் வைத்தே ஒவ்வொன்றாக உரித்தேன். பதினொன்று பிய்ந்தது. மீதி இருபத்தைந்தும் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜில் கடை முட்டை ஆறு இருந்தது. அதையும் அவித்தேன். அறுபத்திரண்டு துண்டு தேறியது. பிய்ந்ததன் மஞ்சள் கருவையும் சேர்த்துப் பிசைந்தேன்.

பழம் சரியான பதத்தில் இருந்தது. எலுமிச்சை பிழிந்தேன். நான்கு தழையையும் நறுக்கினேன். உப்பை ஒரு முறைதான் போட்டேன். போட்டதும் டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்துவிட்டேன், மறுபடி சந்தேகம் வராமல் இருக்க.

நான் கூப்பிடவில்லை. மாமாவாக வந்தார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு போதும்" என்றார். இன்னொரு தடவை தொட்டார். "புளிப்பு கொஞ்சம் கம்மி."

பிழிந்தேன்.

"பத்தர வண்டிய விட்டா அப்புறம் ஒண்ணரைக்குத்தான்" என்றார் சுவரைப் பார்த்து. "நிரப்புறது நான் நிரப்பிக்கிறேன். நீ செய்யிற மாதிரி பூப்பூவா எல்லாம் வராது. பேய் மாதிரிதான் வரும். திங்கட்டும்."

பிளாஸ்டிக் கவரின் மூலையை வெட்டி, அதற்குள் கலவையை அள்ளிப்போட்டு, எப்படிப் பிழிய வேண்டும் என்று ஆறு துண்டில் செய்து காட்டினேன். அவர் ஏழாவதைச் செய்தார். பிதுங்கி வெளியே வழிந்தது. "சனியன்" என்றார்.

மேடம் நல்ல சேலை கட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே போய் நின்றேன். மாமா முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா இறந்து இத்தனை நாள் ஆச்சு, எனக்கு ஒரு வார்த்த சொல்லலயே ஜோதி. நான் பாட்டுக்கு விரதத்த முடி, டேஸ்ட் பாருன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு வந்துருவியா?"

"தெரியல மேடம். வந்தா இங்கதான் வருவேன். வேற எங்கயும் போக முடியாது."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியது இல்லை. அவரும் அதைக் கவனித்த மாதிரி தெரிந்தது. "வா" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வத்தலக்குண்டு வரைக்கும் வளைவு. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் வாந்தி எடுத்தார். அவருக்கு என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வத்தலக்குண்டில் மாறி நிலக்கோட்டையில் இறங்கும்போது ஒரு மணி. பூ மார்க்கெட் முடிந்து தரையெல்லாம் நசுங்கிய மல்லிகையாகக் கிடந்தது. வாசனை மூக்கை அடைத்தது.

யாரிடம் கேட்பது என்று இரண்டு தடவை அந்த இடத்தையே சுற்றிவந்தேன். சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஈஸ்வரி வீடு எங்க இருக்குக்கா?"

"எந்த ஈஸ்வரி? பூக்கட்டுற ஈஸ்வரியா? அதுதான் செத்துப்போச்சே. இன்னைக்கு பதினாறு." அவர் சாக்கைக் கீழே போட்டார். "நீ யாரு?"

"மக."

"மகளா? மூணு வயசுல ஒண்ணுதானே..." அவர் என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். "மூத்தவளா நீ? அடியாத்தி. இலை போடப் போறாக, ஓடு. அந்தா பந்தல் தெரியுதுல்ல, அதான்."

பந்தலுக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் சோறு, கறி எல்லாம் படைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மொட்டை அடித்த ஓர் ஆள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்ததும் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். 

செருப்பை மற்றச் செருப்புகளோடு கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.